முன்னால் ஓடிய சத்தம்

கருங்கண்மாய் ஊரில், சந்தனமாரி இடது காலில் கட்டோடு கட்டிலில் கிடந்த மாதங்களிலும் அவளுடைய ஓட்டம் ஒரு விடியலைக்கூடத் தவறவிடவில்லை. ஆள் வரவில்லை, அவ்வளவுதான். காலடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. சேவல்கள் கூவலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அது அவள் வீட்டு வாசற்படியிலிருந்து இறங்கி, கீழத்தெருவில் தப் தப் என்று போய், ரேஷன் கடை முக்கில் திரும்பி, பாண்டியம்மாளின் டீக்கடையைத் தாண்டி, கண்மாய்க் கரையில் ஏறி, கரை முடிந்ததும் கருவேலங்காட்டு வண்டிப்பாதையில் இறங்கி, கண்மாயை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் அதே வாசற்படிக்கு வந்து நின்று அடங்கிவிடும்.

முதல் நாள் பாண்டியம்மாள் பாலை அடுப்பில் ஏற்றிக்கொண்டே, “என்ன சந்தனம், அதுக்குள்ள கட்டப் பிரிச்சுட்டாகளா?” என்று கேட்டபடி தலையைத் தூக்கினாள். ரோட்டில் ஆள் இல்லை. சத்தம் மட்டும் கரைமேல் ஏறிக்கொண்டிருந்தது. “பதில் சொல்லக்கூட நேரமில்லாமப் போகுது பாரு, படிச்ச திமிரு” என்று சொல்லிவிட்டு டீயை ஆற்றப் போய்விட்டாள். இரண்டாம் நாள் அவள் தலையைத் தூக்கவே இல்லை.

அதற்கப்புறம் ஊருக்கு அது பழகிப்போயிற்று. வாசல் தெளித்துக் கோலம் போடும் பெண்கள் சத்தம் வருவதைக் கேட்டதும் கோலப்பொடிக் கிண்ணத்தை ஓரமாக இழுத்து வழிவிட்டார்கள். சந்தனமாரியை விரட்டி விரட்டிப் பழகிய தெருநாய்கள் சத்தத்தையும் விரட்டிப் பார்த்து, கவ்வுவதற்குக் கால் எதுவும் அகப்படாததால் வாழ்க்கையில் ஒரு பிடிப்பில்லாமல் டீக்கடை வாசலில் படுத்துக்கொண்டன. பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர் தவசிலிங்கம் அலாரம் வைப்பதை விட்டுவிட்டு, சத்தம் தன் வீட்டைக் கடந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் திறந்துவிட்டார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பெண்கள் சத்தம் போகும்போது உலை வைத்து, சத்தம் திரும்பும்போது சோறு வடித்தார்கள். வடக்குத் தெருக்காரர்கள் மட்டும், சத்தம் கீழத்தெரு வழியாகவே போவது ஓரவஞ்சனை என்றும் தாங்களும் வீட்டுவரி கட்டுகிறவர்கள்தான் என்றும் தவசிலிங்கத்திடம் சண்டைக்கு வந்து, ரேஷன் கடை முக்கில் குறுக்கே ஒரு பலகையை வைத்து அதைத் தங்கள் பக்கம் திருப்பப் பார்த்தார்கள். சத்தம் பலகை முன்னால் ஒரு கணம் நின்றது, தாண்டிக் குதித்தது, போய்விட்டது. குதித்த அழகை வடக்குத் தெருவே கைதட்டிப் பாராட்டியது.

பொங்கலுக்கு அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு பேர் ரோட்டின் இரு பக்கமும் நின்று சால்வையை விரித்துப் பிடிக்க, சத்தம் அதற்குள் புகுந்து போக, சால்வை லேசாக அசைந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அதை ஒட்டி வைத்த ஃபிளெக்ஸில், வெறும் தார் ரோட்டின் படத்தைப் பெரிதாகப் போட்டு, ‘எங்கள் ஊரின் ஓட்டமே!’ என்று எழுதி, கீழ் மூலையில் ஸ்டாம்பு அளவில் சந்தனமாரியின் முகத்தையும் போட்டிருந்தார்கள். கட்டிலிலிருந்தபடி ஜன்னல் வழியாக அதைப் பார்க்க முடிந்தது. அவள் பார்த்துக்கொண்டே கிடந்தாள்.

அவள் குடும்பத்தில் காலேஜ் முடித்த முதல் ஆள் அவள்தான். பட்டம் வாங்கியதும் எல்லோரும் அவளிடம் எதையாவது எதிர்பார்த்தார்கள். ஆதார் கார்டில் பிழை திருத்தவும் ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்துச் சொல்லவும் கூப்பிட்டார்கள். வேலை எப்போது என்று கேட்டார்கள். எதைச் செய்தாலும் சரியாகச் செய்தோமா என்ற பயம் அவளுக்கு வயிற்றிலேயே இருக்கும். ஓடும்போது மட்டும் அந்தப் பயம் இருக்காது. அதனால்தான் நிறைய ஓடினாள். ஓய்வே எடுக்காமல் ஓடினாள். முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கிய பிறகும், சொன்னால் நிறுத்தச் சொல்லிவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லாமல் ஓடினாள். ஒருநாள் கருவேலங்காட்டுப் பாதையில் எலும்பில் மயிரிழை விரிசல் விட்டது.

இப்போது கட்டுப் பிரித்து, வீட்டில் கம்பு ஊன்றியும் தாலுகா ஆஸ்பத்திரியில் கம்பைப் போட்டுவிட்டும் நடந்த பிறகு, கடைசியில் அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் கோகிலவாணி, ஓட்டத்துக்குத் திரும்ப ஒரு வாரத் திட்டம் சொல்லிவிட்டாள். கோகிலவாணிக்கு அவளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். ஆனால் வெள்ளைக் கோட்டு போட்டதும் மாமியார் குரல் வந்துவிடும்.

“திங்கக்கிழமை நடை மட்டும். அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. நடுவுல ஒருநாள் விட்டுத்தான் ஓடணும். ஞாயித்துக்கிழமை கண்மாயை ஒரு சுத்து, அதுவும் ஓட்டமும் நடையுமா. முடிக்கிறதுக்கு மட்டும், ஜெயிக்கிறதுக்கு இல்ல. ஓடும்போது வாய்விட்டுப் பேச முடியணும். பேச முடியலையா, வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்.”

“யார்கிட்டக்கா பேசுறது?”

“அது உன் பாடு.”

திங்கட்கிழமை காலையில் சந்தனமாரி வீட்டில் முதல் தடவையாகக் கம்பில்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அம்மா செல்லத்தாய் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

“ஆத்தாடி! எப்படி வந்த?”

“நடந்துதான்.”

“சத்தத்தையே காணோமே!”

சந்தனமாரி வலது காலைத் தரையில் ஓங்கி வைத்தாள். இடது காலை மெதுவாக வைத்தாள். மாவு மூட்டையைப் பஞ்சின்மேல் வைத்தது போல ஒன்றும் கேட்கவில்லை. செல்லத்தாய் கொஞ்ச நேரம் மகளின் கால்களையே பார்த்தாள். “அதுதான் வெளிய ஓடிக்கிட்டு இருக்கே. ஒண்ணு எத்தன எடத்துலதான் இருக்கும்?” என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு, பெட்டியிலிருந்து பழைய கொலுசை எடுத்து மகள் காலில் மாட்டினாள். நடந்தபோது கொலுசு குலுங்கியது. காலடி கேட்கவில்லை. யாரோ கொலுசை நூலில் கட்டித் தரைமேல் இழுத்துக்கொண்டு போவது போல இருந்ததால், செல்லத்தாயே அதைக் கழற்றிவிட்டாள். “கொஞ்சம் கனைச்சுக்கிட்டாவது வாத்தா, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

கனைக்க மறந்து டீக்கடைக்குப் போனதால்தான் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது.

கடைப் பெஞ்சில் தவசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். அவர்தான் ஊர் இளைஞர் விளையாட்டு மன்றத்துக்கும் தலைவர். இளைஞராக இருந்தபோது தலைவரானவர், அதற்குப் பிறகு தேர்தல் வைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. “அடுத்த மாசம் மாவட்டப் போட்டிக்கு மன்றத்துல இருந்து ஓட்டத்துக்கு ஒரு ஆளுதான் அனுப்பலாம்னு சொல்லிட்டாக. எனக்கென்னமோ சத்தத்தையே அனுப்பிரலாம்னு படுது” என்றார் அவர். “அந்தப் புள்ள ஒரு தடவ ஒடஞ்சது. சத்தம் ஒடையாது.”

“அத எப்படிக் கூட்டிட்டுப் போவீக?” என்றாள் பாண்டியம்மாள்.

“விடியக்காலம் அது வர்ற நேரத்துக்கு ரோட்டுல வேனை நிறுத்தி, கதவைத் தொறந்து வைப்போம். ஏறுனதும் சாத்திற வேண்டியதுதான்.”

சந்தனமாரி இருமினாள். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை.

“வாத்தா, உன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்” என்றார் தவசிலிங்கம். “பேரு உன் பேருதான் வரும். யாரு ஓடுனா என்ன?”

“நான் என்ன மாமா செய்யட்டும்?”

“நீயும் கூட வா. வேன்ல எடம் இருக்கு.”

சந்தனமாரி விடவில்லை. படித்தவள் என்பதால் நியாயம் பேசிப் பார்த்தாள். “சத்தத்துக்கு எங்கிட்டு மாமா நம்பர் குத்துவீங்க?”

தவசிலிங்கம் யோசித்தார். “அத அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

“ஞாயித்துக்கிழம நான் கண்மாயைச் சுத்தி ஓடப் போறேன். முழுச் சுத்தும் முடிச்சுட்டா என்னை அனுப்பணும்.”

“முடிக்கிறது பெரிய காரியமா? எங்க எருமைகூடத் தெனம் சுத்தி முடிச்சுட்டு வருது” என்றாள் பாண்டியம்மாள், டீயை நீட்டிக்கொண்டே. “ரெண்டு பேரும் ஓடுங்க. நீயும், உன் சத்தமும். முன்னால வந்தவகளுக்கு வேனு.”

சரி என்று சந்தனமாரி சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். ஜெயிப்பதற்கு இல்லை என்று கோகிலவாணி சொன்னது, டீயைப் பாதி குடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை ஓடினாள். ஓடினாள் என்று சொல்வதைவிட, ஓட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள் என்று சொல்லலாம். கால் பூமியில் படுகிறதா என்றே தெரியாத அந்த மௌனத்தில் ஒரு நிமிடம் மெல்ல ஓடி, பிறகு நடந்து, பிறகு ஓடி, வாய்விட்டுப் பேச வேண்டும் என்பதால் பேச ஆளில்லாமல் கரையில் நின்ற பனைமரங்களிடம் தன் காலேஜ் பாடங்களையும், கரையோரம் மேய்ந்த எருமைகளிடம் இந்தப் போட்டி எவ்வளவு அநியாயம் என்பதையும் சொல்லிக்கொண்டு போனாள். எருமைகள் அவளை ஆதரிப்பது போலத்தான் இருந்தது. பின்னாலிருந்து சத்தம் வந்து, தப் தப் தப் என்று அவளைத் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் போயிற்று. விறகு வெட்டப் போன பெண்கள் இரண்டையும் பார்த்தார்கள், அதாவது ஒன்றைப் பார்த்து ஒன்றைக் கேட்டார்கள்.

“பட்டம் வாங்குன புள்ள தனியாப் பேசிக்கிட்டுப் போகுதுடி.”

“சத்தம் வாயத் தொறக்காமப் போகுது. அதுக்கு இருக்குற அடக்கம் இதுக்கு இல்லையே!”

புதன்கிழமை ஓய்வு. ஓய்வெடுப்பது அவளுக்கு ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் தப்புச் செய்தாள். முதல் ஒரு நிமிடம் ஒழுங்காக ஓடினாள். இரண்டாவது ஒரு நிமிடமும் ஒழுங்காகத்தான். அப்போது சத்தம் அவளைத் தாண்டியது, மடைக்குப் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவர், வாயில் நுரையோடு, “விடாத! விடாத!” என்று கத்தினார், யாரைப் பார்த்துக் கத்தினார் என்று தெரியாமலேயே சந்தனமாரி சத்தத்தின் பின்னால் பறந்தாள். அந்தப் பழைய வேகம் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. தோள்கள் இறங்கின, காற்று காதில் கிழிந்தது, சத்தம் கைக்கெட்டும் தூரத்தில் முன்னால் போனது. அப்போதுதான் தன்னால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை என்பதும், இடது முழங்காலுக்குக் கீழே அந்தப் பழைய இடத்தில் யாரோ கட்டை விரலால் அழுத்துவதும் ஒரே நேரத்தில் தெரிந்தன. நின்றுவிட்டாள். பாதையோரத்தில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டுக் கோகிலவாணிக்கு போன் போட்டு, போட்டியிலிருந்து கட்டை விரல் வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள்.

கோகிலவாணி திட்டினாள். கால் வைத்திருக்கிறாயா இல்லை வாடகைக்கு எடுத்த சைக்கிள் வைத்திருக்கிறாயா என்று கேட்டாள். அமுக்கிப் பார், வீங்கியிருக்கிறதா, நின்றால் வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, “தப்பிச்ச. நாளைக்கும் நாளன்னைக்கும் நடைப்பயிற்சிகூடக் கெடையாது” என்றாள். அதற்குள் கண்மாயைச் சுற்றிவிட்டு ஊர்ப் பக்கமிருந்து சத்தம் இன்னொரு தடவை வருவது கேட்டது. போட்டியைக் கேள்விப்பட்டதிலிருந்து அது தினமும் இரண்டு சுற்று ஓடத் தொடங்கியிருந்தது.

“அதுதான் வருதுக்கா.”

“போனைத் தரையில வை.”

வைத்தாள். சத்தம் போனைக் கடந்து போனது. எடுத்துக் காதில் வைத்தபோது கோகிலவாணியின் குரலில் மாமியார் இல்லை.

“இடது கால அடிச்சு அடிச்சு வைக்குதே. வலதுக்கும் எடதுக்கும் தாளமே சேரல. யாரு இது?”

“நாந்தான்க்கா. போன வருசத்து நான்.”

“இதுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லு சந்தனம். இப்படியே ஓடுனா இதுவும் எலும்பு விட்டுரும்.”

வெள்ளிக்கிழமை விடியலில் சந்தனமாரி ரோட்டில் குப்புறப் படுத்துக் காதைத் தார்மேல் வைத்துக் கேட்டாள். கோகிலவாணி சொன்னது சரிதான். ஊரே வியக்கும் அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு இரண்டாவது அடியும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த அடி. இத்தனை மாதமாக அதன்மேல் அவளுக்கு இருந்தது பொறாமை என்று அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த அதே நேரத்தில் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. டீக்கடைக்குப் போய், இந்தத் தடவை கனைத்துவிட்டு, விஷயத்தைச் சொன்னாள்.

“சத்தத்துக்கு வலிக்குதா?” என்றார் தவசிலிங்கம். “நல்லாத்தான வருது? தண்ணி தொறக்க ஒருநா தாமசம் ஆனது உண்டா?”

“நானும் ஒருநாகூடத் தாமசமா வந்ததில்ல மாமா. ஒடையிற வரைக்கும்.”

“ஞாயித்துக்கிழம தோத்துப் போயிருவோம்னு பயம்” என்றாள் பாண்டியம்மாள் அவரிடம். சந்தனமாரி அங்கேயே நிற்கும்போதுதான் சொன்னாள். “விடுங்க, சின்னப் புள்ளதான.”

சனிக்கிழமை முழுவதும் அவள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளியே ஊர் தீர்ப்புச் சொல்வது எப்படி என்று வாக்குவாதம் செய்தது. கண் திறந்திருந்தால் ஆள் வருவது தெரியும், பார்த்துக்கொண்டே சத்தத்தைக் கேட்கத் தவறிவிடுவோம். ஆகவே நடுவரின் கண்ணைக் கட்ட வேண்டும் என்றது வடக்குத் தெரு. கண்ணைக் கட்டினால் சத்தமில்லாத பெண் வருவது எப்படித் தெரியும் என்றது கீழத்தெரு. அவள் வாயால் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. நடுவர் தவசிலிங்கம். ஒருதலைப்பட்சமானவர் என்று இரண்டு தெருக்களும் அவர்மேல் சந்தேகப்பட்டதால், அவரே பொது ஆள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே, சுற்று தொடங்கி முடிகிற மடைப்பக்கம் கூட்டம் கூடிவிட்டது. மைக் செட் வந்திருந்தது. பாண்டியம்மாள் அடுப்பையே கரைக்குக் கொண்டுவந்து டீ போட்டாள். தவசிலிங்கத்தைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தே கண்ணைக் கட்டினார்கள். செல்லத்தாய் மகளின் காதருகே வந்து, “தோத்தா என்னத்தா, வேன்லதான் எடம் இருக்குல்ல?” என்றாள். ஆறுதல்தான் சொன்னாள்.

சத்தம் ஊருக்குள்ளிருந்து ஏறி வந்தது. மடையைத் தொட்டதும் யாரோ விசில் ஊதினார்கள். சத்தம் பாய்ந்து போயிற்று. கூட்டம் ஆர்ப்பரித்தது. சந்தனமாரி ஒரு நிமிடம் மெல்ல ஓடிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

“ஏத்தா, கல்யாண ஊர்வலமா?” என்றது கரை.

“மாப்பிள்ள முன்னால போயிட்டாரு, அதான் அவசரமில்ல!” என்றாள் சந்தனமாரி.

“எறும்பு உன்ன முந்திருச்சு பாரு!”

“அதுக்குக் காலு ஆறு. அதுல ஒண்ணாவது ஒடஞ்சிருக்கா கேளுங்க!”

கேலி வர வர அவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள். ஓடும்போதும் சொன்னாள், நடக்கும்போதும் சொன்னாள். ஒவ்வொரு பதிலும் முழு வாக்கியமாக, மூச்சு அறுந்து போகாமல் வந்தது. அன்று கரையில் நின்றவர்கள் எல்லோரும் தங்களை அறியாமலேயே கோகிலவாணியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரை முடிந்தது. கேலியும் முடிந்தது. கருவேலங்காட்டுப் பாதையில் அவளும், வெகுதூரத்தில் சத்தமும் மட்டும்.

அது இன்னும் வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் தாளம் கெட்டிருந்தது. தப்... தப்தப்... தப். பிறகு வலது கால் மட்டும், நொண்டி விளையாடுவது போல. பிறகு அதுவும் இல்லை. காட்டில் ஒரு காடைகூடக் கத்தவில்லை.

இப்போது வழி முழுவதும் அவளுக்குத்தான். நடந்தே போனாலும் ஜெயித்துவிடலாம். வயிற்றுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்ததை அவள் இல்லையென்று சொல்லவில்லை. வந்தது, நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வளைவில் அந்த இடம் வந்தது. இங்கேதான் அன்றைக்கு அவள் விழுந்து, யாரையும் கூப்பிட வெட்கப்பட்டு, கையில் போன் இருந்தும், நெடுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

சந்தனமாரி நின்றாள்.

“எங்க இருக்க?” என்றாள்.

ஒன்றுமில்லை.

“எனக்குத் தெரியும் இங்கதான் இருக்க. சரி, எந்திரிக்காத. நானும் உக்காந்துக்கிறேன்.” உட்கார்ந்தாள். “அவுக கைதட்டுனதுல நின்னா மரியாதை போயிரும்னு இருந்திருப்ப. பொன்னாடை வேற போத்திட்டாக. எனக்குப் போத்தலன்னு உன்மேல எவ்வளவு கோவமா இருந்தேன் தெரியுமா? ஃபிளெக்ஸுல என் மூஞ்சி ஸ்டாம்பு மாதிரி இருந்துச்சு. உன் மூஞ்சி ரோடு மாதிரி இருந்துச்சு.”

பக்கத்தில், மண்ணில், மிக லேசாக ஒரு சத்தம். விரலை மட்டும் அசைத்தது போல.

“ரெண்டு நிமிஷம் நட, ஒரு நிமிஷம் ஓடு. அவ்வளவுதான். ரொம்ப அசிங்கமா இருக்கும், பழகிரும்.”

எழுந்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது என்பதால். பேசிக்கொண்டே நடந்தாள். ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றி, வேலை கிடைக்குமா என்ற பயத்தைப் பற்றி, இதுவரை எருமைகளிடம்கூடச் சொல்லாததை எல்லாம் சொன்னாள். வெயில் ஏறியது. எவ்வளவு தூரம் போன பிறகு என்று தெரியவில்லை, அவள் வலது காலை வைத்தபோது கீழே தப் என்றது. குனிந்து பார்த்தாள். அடுத்த தடவை வைத்தபோதும் தப் என்றது. இடது காலை வைத்தாள்; மௌனம். இடது காலின் சத்தம் அவளை இன்னும் நம்பவில்லை. அது பின்னால், தனியாக, மெல்ல, நின்று நின்று வந்துகொண்டிருந்தது. வா என்று அவள் கூப்பிடவில்லை. அதற்கே தோன்றும்போது வரட்டும்.

மடைப்பக்கம் கூட்டம் முதலில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தது. வெயில் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் நேரமானால் எலும்புதான் மிஞ்சும். ஒவ்வொருவராக, போன சத்தம் கேட்காமல், கழன்றுகொண்டார்கள். மைக் செட்டுக்காரர் கட்டிக்கொண்டு போனார். பாண்டியம்மாள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனாள். செல்லத்தாய் மகளுக்குக் கால் கிலோ ஈரல் வாங்கப் போனாள். தவசிலிங்கத்திடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. தீர்ப்புச் சொல்லும் வரை கண்கட்டை அவிழ்ப்பதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்த அவர், ஊர் முழுவதும் தன்னைச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

தப். ஒரு மௌனம். தப். ஒரு மௌனம். அவர் தலையைச் சாய்த்தார்.

“யாரு? நீயா, உன் சத்தமா?”

சந்தனமாரி நின்றாள். “பாதிப் பாதி மாமா.”

“பாதின்னா?”

“வலது காலு வந்து சேந்துருச்சு. இடது காலு பின்னால நடந்து வருது.”

“நடந்தா? போட்டியிலயா?” தவசிலிங்கம் கூட்டத்தின் பக்கம் என்று நினைத்த பக்கம் முகத்தைத் திருப்பினார். “ஊரு என்ன சொல்லுது?”

“ஊரு கறி எடுக்கப் போயிருச்சு மாமா.”

“அப்ப முன்னால வந்தது யாருன்னு நான் என்னன்னு சொல்ல? மாவட்டத்துக்கு எத அனுப்ப?”

“என்னைய அனுப்புங்க. ஜெயிக்க மாட்டேன் மாமா, இப்பவே சொல்லிர்றேன். நடந்து, ஓடி, முடிச்சுட்டு வருவேன்.”

“முடிச்சதுக்கு யாரு பொன்னாடை போத்துவா?”

“யாரும் போத்த வேண்டாம்.”

தவசிலிங்கம் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்து, கையைத் தூக்கினார். “செத்தப் பேசாம இரு.”

கரையின் அந்தக் கோடியில், தண்ணீரிலிருந்து வரும் காற்றோடு, ஒற்றைக் கால் ஒன்று மண்ணில் ஊன்றுவது கேட்டது. நின்றது. மறுபடி ஊன்றியது. இத்தனை மாதமாக விடியற்காலம் அதைக் கேட்டு எழுந்தவர்தான். அது இவ்வளவு களைத்துப்போயிருக்கும் என்று அவருக்குத் தெரியாது. கண்கட்டை அவிழ்க்காமலேயே எழுந்து, நாற்காலியைத் தடவிப் பிடித்து, சத்தம் வரும் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

“மெதுவா வாத்தா” என்றார் அதனிடம். “ஒண்ணும் அவசரமில்ல.”